துவர்ப்பு நிறம்

பதினேழு வயதில் ஒரு புடவையைக் கையில் எடுத்தேன், பெரியம்மா அதை வாங்கித் திரும்பவும் அடுக்கில் வைத்துவிட்டார். நடந்தது இவ்வளவுதான். திருச்சி பெரியகடை வீதியில் ஒரு ஜவுளிக்கடை, மாடியில் விரித்திருந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். கல்லூரியில் சேரப்போகிறேன் என்று எனக்கு முதன்முதலாகப் புடவை எடுக்க வந்திருந்தோம். நான் எடுத்தது காபிப்பொடிக் கலரில் ஒரு நூல் புடவை, விரலகலத்துக்குக் கருநீலக் கரை, வேறு வேலைப்பாடு எதுவும் கிடையாது. "இருக்கிற நிறத்துக்கு இது வேறயா? கட்டிக்கிட்டு நின்னா தூசி படிஞ்ச மாதிரி இருக்கும்டி. பளிச்சுன்னு ஒண்ணு எடு" என்றார் பெரியம்மா. கடைக்காரரும் தலையாட்டிக்கொண்டே ரோஸ், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று ஐந்தாறு புடவைகளை உதறி விரித்தார். ரோஸ் எடுத்தோம். நல்ல புடவைதான், நாலு வருஷம் ஆசையாகவே கட்டினேன். ஆனால் அந்த வாக்கியம் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை. அப்புறம் எத்தனை ஊரில் எத்தனை கடைக்குள் நுழைந்திருப்பேன், ஒவ்வொரு முறையும் கை முதலில் பழுப்பு நிறத் துணியைத்தான் தொடும், தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். தூசி படிந்த மாதிரி என்று யாரும் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியதில்லை, நானே சொல்லிக்கொள்வேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒசாகாவில் நான் பார்த்த இலையுதிர்காலங்கள். வேலைக்காக இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. நமக்கு இலை உதிர்வதென்றால் அது மாசி, பங்குனி. வேப்பமரம் மொட்டையாகி, பத்து நாளில் செந்தளிர் விட்டுவிடும், நின்று பார்க்க நேரமே தராது. இங்கே அது மூன்று மாதக் கச்சேரி. அதைப் பார்த்துத்தான் உடுத்துவதைப் பற்றி நான் இவ்வளவு நாள் நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயம் ஆட்டம் கண்டது.

மேப்பிள் பார்க்கப் போன நாள்

ஜப்பானில் செர்ரிப்பூ பற்றி எல்லோருக்கும் தெரியும். இலைச் சிவப்புக்கும் அதே அளவு மரியாதை உண்டு. அதைப் பார்க்கப் போவதற்கு மோமிஜிகாரி என்று பெயர், மேப்பிள் வேட்டை என்று அர்த்தம். செர்ரி தெற்கிலிருந்து வடக்கே ஏறும், இலைச் சிவப்பு வடக்கே ஹொக்கைடோவில் தொடங்கித் தெற்கே இறங்கும். எந்த ஊரில் எந்தத் தேதிக்கு உச்சம் என்று மழைக்கு முன்னறிவிப்பு சொல்வதுபோலச் சொல்கிறார்கள். கியோட்டோவுக்கு அது நவம்பர் கடைசியில் வந்து சேரும். என் முதல் வருஷம், அலுவலகத் தோழி ஒருத்தி என்னைத் தோஃபுகுஜி கோயிலுக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே மூடிய மரப்பாலம், கீழே எங்கு பார்த்தாலும் மேப்பிள். இங்குள்ள மேப்பிளின் இலை சின்னது, கைக்குழந்தை விரல் விரித்தது போல ஐந்தாகவோ ஏழாகவோ பிளந்திருக்கும். அதனால் தூரத்திலிருந்து பார்க்கும்போது மரம் இலை இலையாகத் தெரியாமல் சிவப்பு மூட்டம் கவிந்த மாதிரி இருக்கும். கூட்டம் நம் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம்.

அந்த நாளுக்காகவே ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். இலையின் அழகை உடம்பில் ஏற்றிக்கொள்வதென்றால் இலையின் நிறத்தில் உடுத்துவதுதானே என்று முழு மனதோடு நினைத்தேன். ராத்திரி வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோது மனசு சுருங்கிப்போனது. என் சட்டை மரத்தோடு போட்டி போட்டுத் தோற்றிருந்தது. வெயில் ஊடுருவி நிற்கும் இலைக்கு முன்னால் எந்தத் துணிதான் நிற்கும்? பக்கத்தில் நின்ற தோழி மட்டும் தெளிவாகத் தெரிந்தாள். அவள் போட்டிருந்தது சாம்பல் கலந்த பாசிநிறக் கோட்டு, கழுத்தில் கடுகு நிறத்தில் மெல்லிய துணி. மரத்தடி மண்ணும் அடிமரமும் என்ன நிறமோ அந்த நிறம். அவளுக்குப் பின்னால் சிவப்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். தன் பாட்டி தேநீர்ச் சடங்கு சொல்லிக்கொடுத்தவர் என்றும், கிமோனோ விஷயத்தில் பாட்டி வைத்திருந்த கணக்கு தனக்குள்ளும் ஒட்டிக்கொண்டது என்றும் சொன்னாள். எந்தப் பூவானாலும் இலையானாலும் அது உச்சத்துக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அதை உடுத்திவிட வேண்டும். மேப்பிள் வடிவம் போட்ட கிமோனோ, மரம் இன்னும் பச்சையாக நிற்கும்போது அழகு. மரமே சிவந்து நிற்கிற நாளில் அதை உடுத்துவது, பாடகர் பாடும்போது கூடவே உரக்கப் பாடுவது மாதிரி. நவம்பர் முடிவில் பாட்டி உடுத்தியது ஃபுகியோசே என்ற வடிவமாம். காற்று ஒரு மூலையில் கூட்டிச் சேர்த்த சருகு, பைன் ஊசி, ஜிங்கோக் கொட்டை எல்லாம் கலந்து கிடப்பது போன்ற வடிவம். குப்பையைப் போயா துணியில் வரைவார்கள் என்று கேட்டேன். "குப்பையா? அதுதானே கடைசியாக வருவது" என்றாள்.

துவர்

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். நவம்பரில் காகிப் பழங்களைத் தோல் சீவி, காம்பில் கயிறு கட்டி, மாடி இறவாரத்தில் சரம் சரமாகத் தொங்கவிடுவார். பெர்சிமன் என்று சென்னைக் கடைகளில் விற்கிறார்களே, அந்தப் பழம். அவர் தொங்கவிடுவது துவர்ப்பு வகை. அப்படியே கடித்தால் வாய் இழுத்துக்கொள்ளும், வாழைக்கச்சலைப் பச்சையாக மென்ற மாதிரி. காயக் காய அந்தத் துவர்ப்பு அடங்கி, மேலே வெள்ளையாகச் சர்க்கரை பூத்து, ஒன்றரை மாதத்தில் பேரீச்சைக்கும் அத்திக்கும் நடுவே ஒரு ருசிக்கு வந்துவிடும். முதல் வருஷம் அவசரப்பட்டு இரண்டாம் வாரத்திலேயே ஒன்று கேட்டு வாங்கிக் கடித்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் "ஷிபுய்?" என்று கேட்டார். துவர்க்கிறதா என்று அர்த்தம்.

இதே ஷிபுய் என்ற சொல்லை அதற்கு முன்னாலேயே நான் கேட்டிருந்தேன், வேறு இடத்தில். ஒரு கடையில் ஒருவர் மங்கலான பழுப்பில் ஒரு மேல்சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார், விற்பவர் "ஷிபுய்" என்று பாராட்டினார். இரண்டும் ஒரே சொல்தான் என்று அந்தப் பாட்டி வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. மின்னாத, கத்தாத, பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகிற அழகுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் துவர்ப்பு. இனிப்புக்கு யாரும் பழகத் தேவையில்லை, பிறந்த குழந்தைக்கே தெரியும். துவர்ப்புக்கு நாக்கு பழக வேண்டும். வாழைப்பூவைச் சின்ன வயதில் ஒதுக்கி வைத்துவிட்டு முப்பது வயதில் தேடிப்போய் வாங்குகிறோமே, அந்த மாதிரி.

நம் மொழியில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது, அதைத்தான் நான் மறந்திருந்தேன். துவர் என்றால் தமிழில் சுவை மட்டும் இல்லை, நிறமும்கூட. துவராடை என்றால் செம்பழுப்புத் துணி. சம்பந்தர் தேவாரத்தில் பௌத்தத் துறவிகளைக் கண்டித்துப் பேசும் இடங்களில் அவர்களுடைய துவராடை திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே சொல் நாக்குக்கும் கண்ணுக்கும் பொதுவாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் இரண்டையும் தருவது ஒரே பொருள். மரப்பட்டையிலும் காயிலும் இருக்கிற டானின்தான் வாயை இழுக்கிறது, துணியில் பழுப்பாக ஏறுவதும் அதுதான். கலம்காரித் துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள், சாயம் பிடிப்பதற்கு. இங்கே பழுக்காத காகியை இடித்துச் சாறெடுத்துப் புளிக்கவைத்து, காகிஷிபு என்று துணிக்கும் காகிதத்துக்கும் மீன் வலைக்கும் பூசினார்கள். வெயில் பட்டால் சாயம் வெளிறும் என்றுதானே நமக்குத் தெரியும், காகிஷிபு வெயில் படப் படக் கருக்கும். காகியின் இனத்து மரம் நம்மூரில் பனிச்சை. பனிச்சங்காய்ச் சாற்றை நம் மீனவர்களும் வலைக்கு ஏற்றியிருக்கிறார்கள். (காகிக்கும் போலீஸ் காக்கிக்கும் சம்பந்தம் இல்லை. காக்கி என்பது தூசி என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. பெரியம்மாவின் தூசி அங்கேதான் இருக்கிறது.)

இலைக்குள் நடப்பதும் இதே கதைதான். குளிர் வந்ததும் பச்சையம் சிதையும், அதற்கு அடியில் கோடை முழுக்க மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு அப்படியில்லை, அதை இலை அந்த நேரத்தில்தான் புதிதாக உண்டாக்குகிறது, பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்து அமைந்த வருஷத்தில் நிறைய. அப்புறம் மஞ்சளும் சிவப்பும்கூடச் சிதைந்துபோகும். எல்லாம் போன பிறகு எஞ்சுவது டானினின் பழுப்பு. இதைப் படித்த அன்று வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பழுப்பு என்பது நிறம் போன நிலை என்று நான் நினைத்திருந்தேன். மற்ற எல்லாம் போன பின்னும் போகாமல் நிற்கிற நிறம் அது. நாம் தமிழில் இலை செத்தது என்று சொல்வதில்லை, இலை பழுத்தது என்றுதான் சொல்கிறோம். பழம், பழுத்தல், பழுப்பு எல்லாம் ஒரே வேர். இந்த மொழியைப் பேசிக்கொண்டே அந்த நிறத்தை ஒரு குறையாகப் பார்க்க எப்படிப் பழகினேன் என்று தெரியவில்லை.

தோஜி சந்தை

என்னை அசைத்த நாள் என்றால் அது மூன்றாம் வருஷம் டிசம்பர் 21. கியோட்டோவில் தோஜி கோயில் வளாகத்தில் மாதாமாதம் 21ஆம் தேதி சந்தை கூடும், அந்தக் கோயிலோடு சேர்த்து நினைக்கப்படும் கோபோ தாய்ஷி என்ற துறவியின் நினைவு நாள் அது. டிசம்பரில் நடப்பது வருஷத்தின் கடைசிச் சந்தை என்பதால் கூட்டம் இரண்டு மடங்கு. ஐந்தடுக்குக் கோபுரம், 55 மீட்டர் உயரம், முழுக்க மரம், அதன் காலடியில் பழைய பாத்திரம், ஊறுகாய், பொன்சாய், மூட்டை மூட்டையாகப் பழைய கிமோனோ. மேப்பிள் எல்லாம் கொட்டி இரண்டு வாரம் ஆகிவிட்டது. வருகிறவர்கள் காலில் மிதிபட்டுச் சருகு பொடிப்பொடியாகக் கிடந்தது. அந்த வருஷம் வேலை நெருக்கடியில் ஒரு சிவந்த மரத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை என்ற ஏக்கத்தோடுதான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பழைய துணித் துண்டுகள் விற்கிற ஒரு கடையில் நின்றேன். கடை என்றால் தரையில் ஒரு நீல விரிப்பு, அதில் தகரப்பெட்டிகள், பெட்டிக்குள் உள்ளங்கை அளவிலிருந்து முழ அளவு வரை துண்டு துண்டாகத் துணி. பொம்மை செய்கிறவர்களும் ஒட்டுத்தையல் போடுகிறவர்களும் வாங்குவார்கள். ஒரு துண்டை எடுத்தேன். கருநீலத் தரை, அதில் காபிப்பொடி நிறத்தில் நெருக்கமாக மெல்லிய கோடுகள், பத்துப் பன்னிரண்டு பழுப்புக் கோட்டுக்கு ஒருமுறை நூலளவு சிவப்பு. பருத்திதான், ஆனால் பட்டு மாதிரி ஒரு மெழுகு. கடை போட்டிருந்த அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். "அது தோஸான்" என்றார். எனக்குப் புரியவில்லை என்று கண்டு, "ஸாந்தோமே, ஸாந்தோமே-ஜிமா" என்று மெதுவாகச் சொன்னார்.

ஸாந்தோமே. இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். சாந்தோம்.

நான் எந்த நாடு என்று அவர் கேட்டார். இந்தியா, தெற்கு, கடற்கரைப் பக்கம் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது, அப்படியானால் இது உங்கள் ஊர்ப் பெயர் என்றார். இந்தத் துண்டு இங்கே நெய்ததுதான், நூறு வருஷத்துக்கும் முந்தைய மெய்ஜி காலத்தது, அசல் பழையது என்றால் இந்த விலைக்குக் கிடைக்காது என்று நேர்மையாகச் சொல்லவும் செய்தார். மூவாயிரம் யென் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் தேடிப் படித்ததில் கதை தெளிவாகியது. மயிலாப்பூர்க் கடற்கரையில் குடியேறிய போர்ச்சுக்கீசியர்கள் அந்த இடத்துக்கு சான் தோமே என்று பெயர் வைத்தார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த கோடு போட்ட பருத்தித் துணி அந்தத் துறைமுகப் பெயரோடு ஜப்பானுக்குப் போனது. 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள், 1641 முதல் நாகசாகியின் தெஜிமா தீவில் இருந்துகொண்டு அந்த வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். வெளிநாட்டுச் சரக்கைக் குறிக்கும் தோ என்ற எழுத்து முன்னால் சேர்ந்த தோ-ஸாந்தோமே என்ற பெயர் சுருங்கி, தோஸான் ஆனது. கோட்டுத் துணிக்கு ஜப்பானில் ஷிமா என்று பெயர், ஷிமா என்றால் தீவு. கடல் கடந்து தீவுகள் வழியாக வந்த சரக்கு என்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். பிற்பாடு இவர்களே அதைப் பார்த்து நெய்யக் கற்றுக்கொண்டார்கள்.

அந்தத் துணிக்கு எடோ நகரத்தில் அவ்வளவு கிராக்கி இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எடோ என்பது இன்றைய தோக்கியோ. நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அரசு ஆடம்பரத்துக்கு எதிராகத் திரும்பத் திரும்பச் சட்டம் போட்டது. எவ்வளவு பணம் இருந்தாலும் வியாபாரிகள் பகட்டான பட்டும் கண்ணைப் பறிக்கும் நிறங்களும் உடுத்தக்கூடாது. மிச்சமிருந்தது நீலம், சாம்பல், பழுப்பு. அந்த ஜனங்கள் அதில் மனம் ஒடிந்து உட்காரவில்லை, பழுப்புக்குள்ளேயே இறங்கிப் போனார்கள். நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல் என்று ஒரு சொலவடையே இருக்கிறது, உண்மையில் அதைவிடவும் அதிகம் பெயர் வைத்திருந்தார்கள். பழுப்புக்கு ஜப்பானில் தேநீர் நிறம் என்று பெயர், நம் காபிப்பொடிக் கலர் போலவே. 18ஆம் நூற்றாண்டில் பெண் வேடமிடும் இரண்டாம் செகாவா கிகுனோஜோ என்ற கபுக்கி நடிகர் மேடையில் உடுத்திய பச்சை கலந்த பழுப்பை ஊர்ப் பெண்கள் எல்லாம் தேடி வாங்கியிருக்கிறார்கள், அவருடைய கவிப்பெயரால் ரோகோ தேநீர்நிறம் என்றே அது நின்றுவிட்டது. வெளியே மங்கலாக உடுத்தி, உள்துணியில் மட்டும் விலையுயர்ந்த பட்டை மறைத்துத் தைத்துக்கொள்வதும் இருந்திருக்கிறது.

இதற்கும் வெகு முன்னால், கியோட்டோ தலைநகராக இருந்த ஹேயான் காலத்தில், அரண்மனைப் பெண்கள் அடுக்கடுக்காக உடுத்திய ஆடைகளில் எந்த நிறத்தின்மேல் எந்த நிறம் வரவேண்டும் என்று பருவத்துக்குப் பருவம் முறை வைத்திருந்தார்கள். கழுத்திலும் கைமுனையிலும் ஒவ்வோர் அடுக்கும் ஒரு கோடாக எட்டிப்பார்க்கும், அந்தக் கோடுகளின் வரிசைதான் அழகு. அந்த இலையுதிர்கால நிறங்களில் ஒன்றின் பெயர் குச்சிபா. மட்கிய இலை என்று அர்த்தம். அதிலும் சிவப்பு குச்சிபா, மஞ்சள் குச்சிபா, பச்சை குச்சிபா என்று பிரிவுகள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் சருகைக் கையில் எடுத்து, இது எந்த வகைச் சருகு என்று பார்த்து, அதற்கு ஒரு பெயரும் சொல்லி, உடம்பில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

தோஜியிலிருந்து திரும்பும் ரயிலில் அந்தத் துண்டைப் பையிலிருந்து எடுத்து என் முன்கைமேல் வைத்துப் பார்த்தேன். வைத்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, பதினேழு வயதில் கேட்ட வாக்கியம் மறுபடி கேட்குமோ என்று. தூசி படிந்த மாதிரி இல்லை. என் தோலின் பழுப்பும் துணியின் பழுப்பும் ஒன்றல்ல, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தன. துணியின் பழுப்பில் கொஞ்சம் சாம்பல், என் கையில் கொஞ்சம் சிவப்பு. அந்தத் துணி பக்கத்தில் வந்த பிறகுதான் என் கையில் சிவப்பு இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. ரோஸ் புடவை ஒருநாளும் எனக்கு அதைக் காட்டியதில்லை. சங்கப் பாட்டில் பெண்ணின் அழகுக்கு மாமை என்று பெயர், மாந்தளிரின் நிறம். அவன் பிரிந்து போனால் அவளுடைய மாமை கெட்டு, பசலை படர்ந்து வெளுத்துப்போகும். வெளுப்பது நோய், அந்தச் செம்பழுப்புதான் அழகு. இதைப் பள்ளியில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். என் கையைப் பார்க்க அது உதவும் என்று அப்போது தோன்றவில்லை.

ஜன்னல் விளிம்பில் இலைகள்

அதற்கப்புறம் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அக்டோபர் கடைசியிலிருந்து நடந்துபோகும் வழியில் தினமும் ஒரு இலை எடுத்து வந்து ஜன்னல் விளிம்பில் வைப்பேன். மேப்பிள் மட்டும் இல்லை. மேப்பிளைவிட எனக்குச் செர்ரி இலை பிடிக்கும், பூவுக்குக் கிடைக்கும் பேரில் பத்தில் ஒன்றுகூட அந்த இலைக்குக் கிடையாது. அது ஒரே நிறத்துக்கு மாறுவதில்லை, நரம்பை ஒட்டிப் பச்சை நிற்க, நடுவில் ஆரஞ்சு, விளிம்பில் திராட்சை நிறம், பூச்சி கடித்த ஓட்டையைச் சுற்றிக் கரும்புள்ளி. ஒசாகாவின் மிதோசுஜி சாலை முழுக்க ஜிங்கோ மரங்கள், அவை தங்கமாக மாறுவதைப் பார்க்கக் கூட்டம் வரும். ஆனால் வீட்டுக்கு எடுத்து வந்து வைத்தால் ஜிங்கோ ஒரே மஞ்சளாகத்தான் இருக்கும், மேற்கொண்டு சொல்ல அதனிடம் எதுவும் இல்லை. ஓக் வகை இலைகள் நேரே பழுப்புக்குப் போய்விடுகின்றன, அவற்றின் முதுகு மட்டும் சாம்பல் வெள்ளை. அந்த முன்னும் பின்னும்தான் எனக்கு ஒரு கோட்டையும் அதன் உள்துணியையும் சொல்லிக்கொடுத்தது.

வைத்த அன்றைக்கு எதுவும் முடிவு செய்வதில்லை. பத்து நாள் விட வேண்டும். சிவப்பு இலைகள் அதற்குள் களைத்துவிடும், எது அழகாக மாறுகிறது, எது வெறுமனே வெளிறுகிறது என்று அப்போதுதான் தெரியும். அந்தப் பத்தாம் நாள் நிறத்தைத்தான் உடுத்திக்கொள்வேன். இப்போது என் அலமாரியில் சருகுப் பழுப்பில் ஒரு நீளக் கோட்டு, பாசிநிறத்தில் இரண்டு சட்டை, திராட்சை நிறத்தில் ஒரு கழுத்துத் துணி, கடுகு நிறத்தில் ஒன்று. குச்சிபா உடுத்திய பெண்களைப் போலக் கழுத்திலும் கைமுனையிலும் ஒவ்வொரு நிறமும் ஒரு விரல் அளவு தெரிகிற மாதிரி போட்டுக்கொள்வேன், மேலே மங்கல், உள்ளே போகப் போக அடர்த்தி. புதிதாக வாங்கியது குறைவு, பாதி பழைய துணிக்கடையில் எடுத்தது. பளபளப்பான துணியில் இந்த நிறங்கள் சரியாக வராது, கம்பளியும் சொரசொரப்பான பருத்தியும்தான் இவற்றுக்கு இடம் கொடுக்கின்றன, இலையும் சொரசொரப்புதானே. நம் ஆட்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. கருப்பாக இருப்பவர்களுக்குப் பழுப்பு எடுக்காது என்பது பொய். எந்தப் பழுப்பு என்று பார்க்க யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. செம்மண் பழுப்பு, புகையிலைப் பழுப்பு, பனைவெல்லப் பழுப்பு, வெந்தயப் பழுப்பு என்று பெயர் வைக்கத் தொடங்கினால் நமக்கும் நாற்பத்தெட்டைத் தாண்டும்.

பெரியம்மா

போன தை மாதம் ஊருக்குப் போனபோது, இருபத்துநாலு வருஷம் கழித்து, ஒரு காபிப்பொடிக் கலர் நூல் புடவை வாங்கினேன். கருநீலக் கரை போட்டது கிடைக்கவில்லை, பழுப்பிலேயே இன்னும் கொஞ்சம் அழுத்தமான கரை. அப்போது பெரியம்மாவிடம் காட்டவில்லை, ஏன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த நவம்பரில் அலுவலக விருந்து ஒன்றுக்கு அதைக் கட்டிக்கொண்டேன், மேலே அந்த நீளக் கோட்டு. தோழி எடுத்த படத்தைப் பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டு ஃபோன் போட்டேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அந்தக் கடையில் நடந்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். என் நிறத்துக்கு எடுக்காது என்று சொன்னீர்களே பெரியம்மா, அதை இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்தேன் என்று, கோபமில்லாமல்தான், சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார். "நிறத்துக்காகன்னு சொன்னது வாய்க்கு வந்ததுடி. எங்கப்பா போனப்ப எங்கம்மாவுக்கு இருபத்தொம்போது வயசு. அதுலேருந்து சாகிற வரைக்கும் அந்தக் கலர்தான் கட்டினா. கொடியில எல்லார் துணியும் ஒரு பக்கம் காயும், அது மட்டும் தனியாத் தொங்கும். நீ பாட்டுக்கு அதைத் தேடிப்பிடிச்சு மடியில எடுத்து வெச்சுக்கிட்டே. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு."

பாட்டியை நான் அந்தப் பழுப்புப் புடவையில்தான் பார்த்திருக்கிறேன். என் ஆறு வயது வரை தூங்கியதெல்லாம் அந்த மடியில்தான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் துணி, அதில் விபூதியும் சுக்கும் கலந்த ஒரு வாசம். அது வேண்டாவெறுப்பாகக் கட்டிய நிறம் என்று ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை. பாட்டியின் நிறம் என்றுதான் தெரியும். அந்தக் கடையில் கை எதைத் தேடிப் போனது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன், ஃபோனில் அதைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

பெரியம்மா படத்தை மறுபடி திறந்து பார்த்திருக்க வேண்டும், கண்ணாடியைத் தேடுகிற சத்தம் கேட்டது. "நல்லாத்தான் இருக்கு. கோட்டுக்குள்ள தெரியல, ரவிக்கை என்ன கலர்?" என்றார்.

"அதுவும் பழுப்புதான் பெரியம்மா."

"சிவப்புல ஒண்ணு தெச்சுப் போடு. அம்மாவுக்குச் சிவப்புன்னா உசிரு."

சிவப்புத் துணி எடுத்தாகிவிட்டது. மிளகாய்ப்பழச் சிவப்பு இல்லை, மேப்பிள் சிவப்பும் இல்லை, அந்தத் துண்டில் நூலளவு ஓடுகிறதே, அந்தச் சிவப்பு. இங்கே ரவிக்கை தைக்கத் தெரிந்த ஒருவரும் இல்லாததால் அளவு ரவிக்கையோடு சேர்த்துத் திருச்சிக்கு அனுப்பியிருக்கிறேன். பெரியம்மாவே தெருமுனைத் தையல்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததாக நேற்று சொன்னார்.